தெருவுக்குத் தெரியாத ஆள்

ஜூன் 11, மேலகரம்

அரசு ஆஸ்பத்திரி டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. மூட்டு இந்த எடையைத் தாங்காது, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது, இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷன்தான் வழி. காப்பீட்டு அட்டை இருந்தால் செலவை அரசு பார்த்துக்கொள்ளும். இல்லையென்றால் என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

கொல்லத்தில் இருந்தபோது அந்த மாநிலக் காப்பீட்டில் அனுமதியே வந்திருந்தது. என் மனைவி செல்விக்குத் தென்காசி மருந்துக்கடையில் வேலை கிடைத்து இங்கே வந்தோம். எல்லையில் ஆரியங்காவு தாண்டியதும் அனுமதி செல்லாக் காகிதம். அதே வயிறுதானே? மலையைத் தாண்டினால் நோய் மாறிவிடுமா?

ரேஷன் கார்டு மாற்றியாகிவிட்டது. வருமானச் சான்றுக்கு வி.ஏ.ஓ. கையெழுத்து பாக்கி.

ஜூன் 16

சாரல். பழுது பார்க்க வந்த டிவி போர்டுகள் மேஜை நிறைய. வி.ஏ.ஓ. ஆபீசிலிருந்து சத்தமே இல்லை.

ஜூன் 20

வருமானச் சான்று மனுவை நிராகரித்துவிட்டார்கள். 'இந்த முகவரியில் வசிக்கவில்லை.' இந்த முகவரியில் உட்கார்ந்துதான் அதைப் படித்தேன்.

போர்டில் பழுது தேடுவதுபோலப் பின்னாலிருந்து தேடினேன். கிராம உதவியாளர் மணிமுத்து விசாரிக்க வந்திருக்கிறார். நான் உட்கார்ந்தபடி தூங்கியிருக்கிறேன். கீழ்வீட்டு ஹைருன் பீவியிடம் கேட்டிருக்கிறார். "அந்தப் புள்ள தனியாத்தான் இருக்கு. மாப்ள சவுதியில."

சவுதியிலா? நானா? இந்தக் கதை எங்கிருந்து வந்தது?

செல்வியைக் கேட்டேன். "அவங்க வீட்டுக்காரரு சவுதியில. அதனால என் வீட்டுக்காரரும் அங்கதான்னு அவங்களா நெனச்சிக்கிட்டாங்க."

"நீ ஏன் மறுக்கல? என்னைக் காட்ட வெக்கமா?"

"ஏன் சொல்ல மாட்டீய? யாரு வந்தாலும் கதவைச் சாத்துன்னது யாரு? துணி காயப்போடக்கூட மொட்டை மாடிக்கு வரல. மாப்ள கட்டிலுக்கடியில ஒளிஞ்சிருக்காருன்னா சொல்லச் சொல்லுதீய?"

எரிச்சல்தான் வந்தது. அவள் அழுதாளா, சிரித்தாளா, தெரியவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை.

ஜூன் 23

ஆட்டோ பிடித்து வி.ஏ.ஓ. காந்திமதிநாதனைப் பார்க்கப் போனேன். ஆதார், வாடகை ஒப்பந்தம், எல்லாவற்றையும் மேஜையில் போட்டேன்.

"ஆதார்ல ஒங்க ரேகை இருக்கு, தம்பி. தெருவுல ஒங்க மூஞ்சி இல்லியே. நாலு பேரு தெரியும்னு சொல்லட்டும், நான் கையெழுத்துப் போடுதேன்."

மெஷின் சொன்னால் நம்பமாட்டார், டீக்கடைக்காரர் சொன்னால் நம்புவாராம். கத்திவிட்டு வந்தேன். வரும் வழியெல்லாம் ஒரே யோசனை: ஒரு தெருவுக்கு ஓர் ஆள் எப்படித் தெரியவருகிறான்? எந்த நேரத்திலிருந்து?

ஜூன் 24

படியிறங்கினேன். முழங்கால் கெஞ்சியது. எதிரே செல்லப்பா டீக்கடை.

"வாங்க அண்ணாச்சி. குத்தாலத்துக்கா? ஐந்தருவில தண்ணி கூடுதல், இன்னிக்குக் குளிக்க விடமாட்டான்."

சீசனில் தெரியாத முகம் என்றால் குளிக்க வந்தவன். எதிர் மாடிதான் என்றேன். "சரி சரி" என்று சிரித்தார். நம்பவில்லை.

ஜூன் 25

மறுபடி போனேன். பெஞ்ச் கிரீச்சிட்டது. யாரோ சிரித்தார்கள். பாதி டீயோடு திரும்பினேன்.

ஜூன் 27

செல்லப்பா கடை ஃபிரிட்ஜுக்கு எர்த் கிடையாது. தரையெல்லாம் ஈரம், மனிதர் வெறுங்காலில் நிற்கிறார். பார்த்துக்கொண்டு எப்படி டீ குடிப்பது? சொன்னேன்: "இப்படியே தொட்டா ஒரு நாள் செத்துருவீங்க."

"ஏலே! யாவார நேரத்துல சாவுங்கிய? நீ யாருலே அதைச் சொல்ல?"

"எதிர் மாடி! எட்டு மாசமா எதிர் மாடி!"

தெருவே நின்றது. ஹைருன் பீவி முக்காட்டைச் சரிசெய்தபடி வெளியே வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்போ நீ சவுதியில இல்லியா?"

செல்வி ஜன்னலில். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். சிரிப்பு எனக்கும் வந்துவிட்டது.

ஜூலை 3

மணிமுத்து மறுபடி வந்தார். பேச்சு மேலே வரை கேட்டது.

"இவனைத் தெரியாமலா? தெனம் வந்து என் ஃபிரிட்ஜைத் திட்டுதான். வாய் சாஸ்தி. இங்கனதான் கெடக்கான், எழுதிக்கிடும்." இது செல்லப்பா.

"நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன் சார். எங்க மாடிப் புள்ளதான்." இது ஹைருன் பீவி.

ஜூலை 30

வருமானச் சான்று கிடைத்து, காப்பீட்டு அட்டையும் வந்தது. புகைப்படத்தில் முகம் ஃபிரேமுக்குள் அடங்கவில்லை.

செப்டம்பர் 12, திருநெல்வேலி

ஆபரேஷன் முடிந்தது. வயிற்றில் சின்னச் சின்னத் துளைகள். இத்தனூண்டு துளை வழியாக இரைப்பையை எப்படி வெட்டி எடுத்தார்கள் என்று டாக்டரைத் துருவிக் கேட்டதில், "தூங்குங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மருந்து போல அளந்து ஒரு மூடி தண்ணீர், பிறகு காத்திருப்பு.

பார்வை நேரத்தில் செல்லப்பா வந்தார். வேட்டியை இறக்கிவிட்டுக் கட்டிலருகே நின்றார்.

"எளைச்சி வந்தா தெருவுல அடையாளம் தெரியாதுலே."

"எர்த் போட்டாச்சா?" என்றேன். குரல் காற்றாகத்தான் வந்தது.

அவர் செல்வி பக்கம் திரும்பினார். "சரிதான், வாயை வச்சே தெரிஞ்சிரும்."