கணக்கில்லாவிட்டாலும் வெள்ளிக்கிழமை

தம்பானூர்,
திருவனந்தபுரம்,
19-11-2005

என் அருமை மகள் லிபிக்கு,

அப்பா எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையில் எனக்கு ஒரு குறைவும் இல்லை, ஒரு கடைவாய்ப் பல் மட்டும் குடைகிறது, அதைப் பிடுங்கிவிட்டால் முழுச் சுகம். அங்கே மஸ்கட்டில் நீயும் அம்மாவும் சுகமாயிருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன், ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு ராத்திரி டியூட்டி மாறிவிட்டதா என்று எழுது. ஈ-மெயில் இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் பேனா பிடிக்கிறான் என்று நினைப்பாய். தமிழில் மெயில் அனுப்பினால் உன் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகத் தெரிகிறது, ஃபான்ட் போடு என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன், நீ போடவில்லை. ஆங்கிலத்தில் அனுப்பினால் ஓகே அப்பா என்று ஒரு வரி வரும், காகிதத்துக்கு அப்படிப் பதில் போட முடியாது. எழுத்துக்கூட்டியாவது நீயே படி, அம்மாவைக் கொண்டு வாசிக்க வைக்காதே.

அரையாண்டுப் பரீட்சையில் கணக்கில் வகுப்பிலேயே நீதான் இரண்டாவது என்று அம்மா போனில் சொன்னாள். சந்தோஷம். போன வருஷம் நீ ஃபெயில், அதையும் சொல்லத்தான் வேண்டும். இடையில் வெள்ளிக்கிழமைதோறும் விபினுடைய நெட் கஃபேயில் நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கணக்குச் சொல்லித் தந்து கத்தினேன், அந்தப் பக்கம் நீ மூக்கை உறிஞ்சினாய். கத்தியதற்கு நான் வருத்தப்படவில்லை, மைனஸை விட்டுவிட்டால் மஸ்கட்டிலும் தப்புதான், நம் ஊர் பாறசாலையிலும் தப்புதான். ஆனால் சமன் குறிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனால் குறி மாறும் என்று நான் சொல்வேன், எதுக்கு அப்பா மாறணும் என்று நீ கேட்பாய், மாறும், அவ்வளவுதான், எழுது என்பேன். பல மாதம் இதேதான். அதனால்தான் ஆபீசில் உட்கார்ந்து தேடி, எங்கோ ஒரு பல்கலைக்கழகத்துக்காரர்கள் காசு வாங்காமல் இணையத்தில் போட்டு வைத்திருக்கிற அந்தப் பாடத்தைக் கண்டுபிடித்து உனக்கு அனுப்பினேன். தராசுப் படம், இரண்டு தட்டு, எக்ஸ் என்று எழுதிய பெட்டி, மவுஸால் இரண்டு பக்கமும் ஒரேபோல எடுக்க வேண்டும், ஒரு பக்கம் மட்டும் எடுத்தால் தட்டு சாயும். சாயும், அத்தோடு சரி, யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அன்றைக்கே உனக்குப் புரிந்துவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை நீ சொன்னாய், இனி வேண்டாம் அப்பா, எனக்கு அதுலயே புரியுது, அது கோபப்படாது என்று. ரொம்ப நல்லது, எனக்கும் நேரம் மிச்சம் என்று சொல்லிவிட்டு லைனைக் கட் செய்தேன்.

நேரம் மிச்சமாகத்தான் இருக்கிறது. அதற்கடுத்த வெள்ளி ஆபீஸ் விட்டதும் கால் தானாக விபின் கடைப் படி ஏறிவிட்டது. அவன் வழக்கமான கேபினில் மைக்கெல்லாம் மாட்டி வைத்துவிட்டு, என்ன அண்ணே, மோளு இன்னிக்கு வரல்லியா, தீனமா, காய்ச்சலா என்று கேட்டான். பரீட்சை என்றேன். மறுவாரமும் போனேன். அவன் சிரித்துக்கொண்டே, என்ன அண்ணே, அந்த ஸ்கூல்ல எந்நாளும் பரீட்சைதானா, பாவம் பிள்ளை என்றான். முதலில் கீபோர்டில் கிடக்கிற மிக்சரைத் தட்டிவிட்டுப் பேசு என்று சொல்லிவிட்டு, பழைய மெயில் எல்லாம் படித்துவிட்டு வந்தேன்.

போன வாரம் பொன்முடிப் பாதையில் எஸ்டேட் தொழிலாளர் லயங்களுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர் பொருத்த அனுப்பினார்கள். அங்கே போன் லைன் கிடையாது, ஆகவே உனக்கு அனுப்பிய பாடத்தையே சீடியில் பதிந்து கொண்டுபோனேன். தேயிலை கிள்ளுகிறவர்களின் பிள்ளைகள், ஒரு மானிட்டரைச் சுற்றி ஒரு கூட்டம். நான் முன்னால் நின்று விளக்க ஆரம்பித்தேன், உன் உயரம் இருக்கும் ஒருத்தி, சார், மறைக்குது, கொஞ்சம் அங்கிட்டுப் போங்க என்றாள். போய்விட்டேன். பஸ் வருகிற வரைக்கும் வராந்தாவில் நின்று மலையில் மூடுபனியாக மஞ்சு இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், உள்ளே ஒரே சிரிப்பும் சத்தமும். பாடத்தின்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, என்னைவிட நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறது, நீ அதை விடாதே. ஆனால் மக்ளே, வாரத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் என்னை அப்பா என்று ஒரு ஆள் கூப்பிட்டது. லாட்ஜ் அறையில் யாரோடு பேச, ஹோட்டலில் உட்கார்ந்தால் நான் கேட்காமலேயே தோசை வந்துவிடுகிறது. சில நாள் ராத்திரி படுக்கும்போதுதான், ஆபீஸ் விட்ட பிறகு வாயே திறக்கவில்லை என்று தெரிகிறது. எனக்கு அங்கே வேலையும் விசாவும் கிடைக்கிற வரைக்கும் இப்படித்தான், அதை மாற்ற உன்னால் முடியாது.

உன்னால் முடிகிற ஒன்றைக் கேட்கிறேன். இங்கே ஏழு மணி, அங்கே ஐந்தரை, வெள்ளிக்கிழமை உனக்கு லீவுதானே, லைனில் வா. கணக்கைப் பற்றிக் கேட்க மாட்டேன். பேச ஒன்றும் இல்லை என்றால் பேசவும் வேண்டாம், மைக்கை ஆன் செய்து மேஜைமேல் வைத்துவிட்டு உன் ஹோம்வொர்க்கைச் செய். அம்மா குக்கர் வைக்கிற சத்தம், நீ பக்கம் புரட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டால் போதும், நான் பாட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பேன். வர இஷ்டமில்லை என்றால் நேராகச் சொல், எனக்குச் சுற்றிவளைத்துப் பேசுவது பிடிக்காது.

கம்ப்யூட்டர் பார்க்கும்போது கண்ணாடி போட்டுக்கொள். வெள்ளி காலையில் தூங்கிக்கொண்டு கிடக்காமல் அம்மாவோடு ஆராதனைக்குப் போ. கர்த்தர் உங்கள் இரண்டு பேரையும் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக. இந்தக் கடிதம் என்றைக்கு உன் கைக்கு வரும் என்று தெரியாது, ஆகவே எந்த வெள்ளிக்கிழமை என்று கேட்காதே, எல்லா வெள்ளிக்கிழமையும் நான் விபின் கடையில் இருப்பேன்.

உன் அப்பா,
சத்தியதாஸ்