கிடா தலையில் தாளிச்சா

ஏப்ரல் 6, ஞாயிறு

திருப்பூரிலிருந்து இசக்கிசெல்வி போன் பண்ணினாள். என் சேக்காளி இசக்கிபாண்டியின் மகள். அவள் அம்மா ராதாமணி மாசியில் மஞ்சள்காமாலை வந்து போய்ச்சேர்ந்ததிலிருந்து பாண்டி வீட்டுக்கே வருவதில்லையாம். எட்டயபுரம் தாண்டி, விளாத்திகுளம் ரோட்டில், யாருடைய புஞ்சையிலோ உரத்துக்காக ஆட்டுக்கிடை போட்டிருக்கிறான். ராவும் பகலும் ஆடுகளோடுதான்.

"டீயும் பன்னும்தான் மாமா. யாராச்சும் சோறு குடுத்தா நாய்க்குப் போட்டுருதாவ. என்ட்டகூட ரெண்டு வார்த்த பேச மாட்டேங்காவ" என்று அழுதாள்.

பாண்டி பேசாமல் இருக்கிறானா? என் தீவனக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இத்தனை வருஷம் அவன் விட்ட புளுகுக்குக் கணக்கே கிடையாது. தன் வெள்ளாடு ரயிலேறி மதுரைக்குப் போய், மறுநாள் அடுத்த ரயிலில் திரும்பி வந்தது என்று பெஞ்சில் அடித்துச் சத்தியம் பண்ணியவன். எனக்குப் பொய் ஆகாது. எத்தனை தடவை எரிந்து விழுந்திருக்கிறேன்!

போன வாரம் பெருநாளைக்கும் அவன் வரவில்லை. ஆடுகளை விட்டு வர முடியவில்லை போல என்று நானும் சும்மா இருந்துவிட்டேன்.

ஏப்ரல் 9

போய்ப் பார்த்தேன். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது. "வாங்க பாய்" என்றான். அதோடு சரி. இரண்டு பேரும் உட்கார்ந்து ஆடுகளையே பார்த்துக்கொண்டிருந்தோம். கொண்டுபோன பழத்தைத் தொடவில்லை.

இப்படியே விட்டால் மனுஷன் தேறமாட்டான். என்ன செய்ய? யாரிடம் சொல்ல?

ஏப்ரல் 12

என் வீட்டுக்காரி தௌலத் ஒரு வழி சொன்னாள். அவள் வைக்கும் தாளிச்சா என்றால் பாண்டிக்கு உயிர். எலும்பு, பருப்பு, கத்திரிக்காய், மாங்காய் எல்லாம் போட்டு நாளைக்கு வைத்துத் தருகிறாளாம். "வாசத்துக்கே வாயத் தொறந்திருவாரு" என்கிறாள். திறந்தால் சரி.

ஏப்ரல் 13, ஞாயிறு

இன்று நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

நந்தகோபால் வண்டியில்தான் போனோம். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர், எங்கள் பெஞ்சில் மூன்றாவது ஆள். பின்னால் நான், என் மடியில் தூக்குவாளி நிறையத் தாளிச்சா. விடியக்காலம் ஒரு கோடை மழை பெய்து ஓய்ந்திருந்தது. ரோட்டிலேயே வண்டியைப் போட்டுவிட்டு நடந்துவிடலாம் என்றேன். ஈரக் கரிசலில் வண்டியை விடக்கூடாது என்று இந்தப் பக்கத்தில் பிறந்த யாருக்குத் தெரியாது? தாளிச்சா ஆறிப்போகும் என்று சொல்லி அவர் புஞ்சைக்குள் விட்டார். கொஞ்ச தூரம்தான். சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே மண் அப்பி, வண்டி அசைய மறுத்துவிட்டது. இறங்கினால் என் செருப்பு ஒவ்வொன்றும் அம்மிக்கல் கனம்.

தூக்குவாளியை வரப்பில் வைத்தேன். சிந்தியிருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்த்தேன். அங்கேதான் கெட்டது.

பாண்டியின் ஆடுகள் மேய்ந்தபடி எங்களைப் பார்த்து வந்தன. முன்னால் வந்தது, ராதாமணி வளர்த்த கிடா. தாயில்லாக் குட்டியாகக் கிடந்ததைக் காலையும் மாலையும் வாளியில் கஞ்சி ஊற்றி ஆளாக்கியவள் அவள். வாளியைக் கண்டதும் நேரே வந்து தலையை உள்ளே விட்டது. தலையைத் தூக்கினபோது வாளியின் பிடி கொம்புக்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டது. தாளிச்சா ஆறியிருந்தது, அல்லாஹ் காப்பாற்றினான். முகத்தில் வாளி, கழுத்தில் பருப்பு, கண் தெரியாமல் பாய்ந்து ஓடியது.

கிடா போனால் ஆடுகள் நிற்குமா? மொத்தக் கிடையும் பின்னாலேயே ஓடியது. பக்கத்துக் களத்தில் அப்போதுதான் தார்ப்பாயை எடுத்து மிளகாய் வற்றலைப் பரப்பியிருந்தார்கள். அதன்மேலேயே ஏறி மிதித்துக்கொண்டு போயின. நெடி கிளம்பியதும் ஆடுகள் தும்முகின்றன, களத்துப் பெண்கள் தும்முகிறார்கள், நந்தகோபால் தும்மித் தும்மியே கீழே விழுந்தார். நடுவில் நின்றுகொண்டு நான் யாரை ஏசுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

பாண்டி ஓடினான். நிற்கத் தெம்பில்லாதவன் அப்படி ஓடுவான் என்று நான் நினைக்கவேயில்லை. "ஏலே, நில்லுலே" என்று கத்திக்கொண்டே போய், கண்மாய்ச் சகதியில் புதைந்து நின்ற கிடாவைப் பிடித்தான். வாளியைக் கழற்றினான். கொம்பில் ஒரு கத்திரிக்காய் தொங்கியது. துண்டால் அதன் முகத்தைத் துடைத்துவிட்டுக்கொண்டே சொன்னான்:

"அவ கஞ்சி கொண்டாந்திருக்கான்னு இது நெனச்சிட்டு பாய்."

அப்படியே சகதியில் உட்கார்ந்து அழுதான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கும் தாங்கவில்லை. ராதாமணி என் வீட்டுக்கு எத்தனை தடவை வந்திருக்கிறாள், பாவி மனுஷி, இப்படிப் போய்விட்டாளே.

களத்துக்காரர்களிடம் மன்னிப்புக் கேட்டு, சிதறின வற்றலை மூவரும் கூட்டிக் கொடுத்துவிட்டு வந்தோம். தாளிச்சா ஒரு துளி மிஞ்சவில்லை. இன்றும் அவன் சாப்பிடவில்லை.

ஏப்ரல் 15

இடுப்பு வலி. தௌலத் என் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் என்ன தின்கிறானோ.

ஏப்ரல் 22

விளாத்திகுளம் போய்வந்த நந்தகோபால் ஒரு சேதி கொண்டுவந்தார். ஒரு பாய் வைத்த தாளிச்சாவைக் குடித்த கிடா, மழையில் மாட்டிக்கிடந்த லாரியையே முட்டித் தள்ளி ரோட்டில் ஏற்றியதாம். டீக்கடையில் பேச்சாம். என்ன அக்கிரமம் இது! லாரி எங்கே வந்தது?

ஏப்ரல் 26

கடைக்குப் புண்ணாக்கு வாங்க வந்த மாடக்கண்ணு, கிடா மேல் ஏறிச் சவாரி போன பாய் நீங்கள்தானா என்று கேட்டான். எனக்கு உச்சி கொதித்தது. எந்தப் பய சொன்னான் என்று எகிறினேன்.

"அங்கன கிடை போட்டிருக்காவளே, அவியதான் அண்ணாச்சி. அரை மணி நேரமா சொல்லுதாவ. கடையே சிரிச்சிக் கெடக்கு."

ஏசுவதற்கு வாயைத் திறந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அரை மணி நேரம் பேசியிருக்கிறான். பாண்டி!

மாடக்கண்ணுவுக்கு டீ வாங்கிக் கொடுத்து, இன்னும் என்னவெல்லாம் சொன்னான் என்று கேட்டேன்.

மே 3, சனி

சாயங்காலம் பாண்டி கடைக்கு வந்தான். முகச்சவரம் பண்ணியிருந்தான். மெலிவு அப்படியேதான் இருக்கிறது. பெஞ்சில் உட்கார்ந்தான். தீவனம் வாங்க வந்த நாலைந்து பேர் நின்றார்கள். ஆரம்பித்துவிட்டான். கிடா என்னைச் சுமந்துகொண்டு தூத்துக்குடி துறைமுகம் வரைக்கும் போனதாம். கப்பல்காரன் பயந்து சங்கு ஊதினானாம்.

நடுவில் ராதாமணி பேரைச் சொன்னபோது குரல் உடைந்தது. குனிந்து துண்டால் முகத்தைத் துடைத்தான். எங்கே நிறுத்திவிடுவானோ என்று பயந்துபோனேன்.

அந்த நேரம் பார்த்து ஒருத்தன் என்னிடம் கேட்டான், இதெல்லாம் நெசமா பாய் என்று.

பாண்டி நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"தூத்துக்குடிக்குக் கிடா மட்டுந்தான் போச்சு. நான் வழியில குறுக்குச்சாலையிலேயே எறங்கிட்டேன்" என்றேன். அல்லாஹ் மன்னிக்கட்டும்.

எல்லாரும் போனபிறகும் அவன் எழுந்திருக்கவில்லை. கடையைப் பூட்டும்போது மெதுவாகச் சொன்னான்:

"பசிக்கி பாய். மைனி என்ன வச்சிருக்காவ?"

ரசம்தான் இருந்தது. இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.