என் இலையைத் தாண்டிப் போனவன்

என் மூத்த பொன்னே, ஜெபராசே,

உன் பிள்ளைகள் சங்கதியை முதலில் கேள். பெரியவள் ஷீபா தென்காசியில் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். வெள்ளை உடுப்பில் அவளைப் பார்க்கிற யாரும் கண் வைத்துவிடக் கூடாதே என்று ஜெபிக்கிறேன். நடுவுள்ளவன் கபடியில் மாவட்ட அணிக்குப் போய்விட்டான். கடைக்குட்டி பத்தாம் வகுப்பில் கணக்குக்கு நூற்றுக்கு நூறு. அது உன் மூளை இல்லை ராசா, நீ ஏழாம் வகுப்பில் இரண்டு வருசம் இருந்தவன். ஐந்தோடு நின்ற என் மூளை என்றுதான் தெருவெல்லாம் சொல்லி வருகிறேன்.

இனி சொல்ல வந்ததைச் சொல்கிறேன். அவன் வந்துவிட்டான். சாரல் நேரத்தில் ஐந்தருவி ரோட்டில், குடித்துவிட்டு உன் மேல் வேனை ஏற்றின சுடலைமணி. ஜெயிலில் வேதம் வாசித்தானாம். விடுதலையாகி, நம் சபையிலேயே ஞானஸ்நானம் எடுத்தான். அவன் பாவமெல்லாம் கழுவியாயிற்று என்று சபைப் போதகர் ஐயர் சொல்ல, எல்லாரும் ஆமென் என்றார்கள்.

ஆராதனை முடிந்ததும் ஐயரை வாசலிலேயே மறித்தேன்.

"ஐயரே, செத்தது எம்பிள்ள. என்னைய ஒரு வார்த்த கேக்காம ஆண்டவரு எப்பிடி மன்னிச்சாரு?"

"ஆச்சி, கிருபை நம்மகிட்ட சம்மதம் கேட்டுட்டு வாரதில்ல. அவரும் தம் பிள்ளையச் சிலுவைக்குக் குடுத்தவருதான?"

"அவரு மனசறிஞ்சு குடுத்தாரு. எங்கிட்ட பிடுங்கிட்டுல்லா போனான்!"

ஐயர் அடுத்த ஆளுக்குக் கை கொடுக்கத் திரும்பிவிட்டார். இதற்குப் பதில் உனக்குத் தெரியுமா? நீ இருக்கிற இடத்தில் கேட்டுப் பாரேன்.

போன ஞாயிறு அசனம். கோயில் வளாகத்தில் சோறும் கறியும் ஆக்கி, சபை முழுக்க ஒரே பந்தியாய் உட்காருகிற நாள், உனக்குத் தெரியாததா? பந்தலுக்கு மேல் தூறல். பரமண்டல ஜெபம் சொன்னோம். எங்களுக்குக் குற்றம் செய்தவர்களை நாங்கள் மன்னிக்கிறதுபோல என்கிற இடம் வந்ததும் வாயை மூடிக்கொண்டேன். கண்ணைத் திறந்தால், பரிமாறுகிற ஆண்களோடு சோற்று வாளியைத் தூக்கிக்கொண்டு வருகிறான் அவன்.

உன் பெண்டாட்டி என் முழங்கையைப் பிடித்தாள். "அத்தே, எந்திச்சிப் போயிருவமா?"

"சும்மா இரிட்டி. நான் எதுக்குப் போவணும்?"

ஒவ்வொரு இலையாக வந்தான். வாளியைத் தட்டிவிடத்தான் கையைத் தயாராக வைத்திருந்தேன். என் முன்னால் நின்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை. அப்புறம், வைக்கத் தனக்கு யோக்கியதை இல்லை என்கிற மாதிரி, என் இலையைத் தாண்டி அடுத்தவளுக்கு வைத்தான்.

அதுதான் என்னைச் சுட்டது. ஊரே சாப்பிடுகிறது, என் இலை மட்டும் காய்ந்து கிடக்கிறது. ஆண்டவர் அவனை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார். வெளியே நிற்கிறவள் நானா?

"ஏலே!" என்று கத்திவிட்டேன். "இங்கன ஒரு எலை கெடக்குதே, கண்ணு தெரியலயா? வையி!"

திரும்பி வந்தான். அள்ளி வைத்ததில் பாதிச் சோறு தரையில் விழுந்தது. "ஆச்சி..." என்றான்.

"பேசாத. வச்சிட்டுப் போ."

மன்னித்தேன் என்று நான் சொல்லவில்லை. மனசு இன்னும் கல்லாகத்தான் கிடக்கிறது. ஆனால் தின்றேன். உன்னைக் கொன்ற கை வைத்த சோறு, மகனே. உனக்கு என் மேல் கோபமா?

மன்னித்தேன் என்கிற அந்த வார்த்தையையும் ஒருநாள் என் வாயாலேயே அவனிடம் சொல்வேன். உன்னிடம் வருவதற்கு முன்னால் சொல்லிவிடுவேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

சுவரில் இருக்கிற படத்தில் நீ பழைய சிரிப்பையே சிரித்துக்கொண்டிருக்கிறாய். இந்தச் சேதியைக் கேட்ட பிறகு உன் முகம் எப்படி இருக்கிறதோ, தெரியவில்லை. அங்கே வழி இருந்தால் ஒரு புதுப் போட்டோ எடுத்து அனுப்பு, ராசா.

உன்னைப் பெற்றவள்,
அம்மா ஞானப்பூ