ரெண்டு போனும் ஒரே வள்ளத்தில

சிங்கப்பூர்

அன்புள்ள அப்பாவுக்கு,

மாதா புண்ணியத்தில நீங்களும் அம்மாவும் தம்பி கொலின்ஸும் சுகமோ? உங்கட முழங்கால் நோ குறைஞ்சதோ? நான் நேரத்துக்குச் சாப்பிடுறன்.

போன கிழமை வேலையில சின்னக் கரைச்சல். எங்கட ரெண்டு சேர்வர் கொம்பியூட்டரும் ஆளையாள் "இருக்கிறியோ?" எண்டு ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். பதில் வராட்டி மற்றது செத்துப்போச்செண்டு நினைச்சு, அதின்ர வேலையையும் தான் எடுத்துச் செய்யும். ஒண்டு அறுந்தாலும் மற்றது இருக்கட்டுமெண்டு அதுகளுக்கு இடையில ரெண்டு வயர். ஆனால் வயர் இழுத்தவை ரெண்டையும் ஒரே குழாய்க்குள்ளால விட்டிருக்கினம். கட்டிட வேலைக்கு வந்து சுவர் உடைச்சவர் குழாயையே வெட்டிப்போட்டார். ரெண்டும் உயிரோடதான் இருந்ததுகள், ஆனால் மற்றது செத்ததெண்டு நினைச்சு, ஒரே வேலையை ரெண்டும் செய்து எல்லாத்தையும் குழப்பிப்போட்டுதுகள். இப்ப திருத்தியாச்சு.

அண்டைக்குத்தான் முல்லைத்தீவுக் கடலில காத்துக் கடுமையெண்டு செய்தியில பாத்தன். உங்களுக்கும் தம்பிக்கும் மாறிமாறிப் போன் எடுத்தன். ரெண்டும் வேலை செய்யேல்லை. மறுநாள்தான் தம்பி சொன்னான், ரெண்டு போனும் உங்கள் ரெண்டுபேரோடயும் ஒரே வள்ளத்தில கடலுக்குப் போனதாம்.

போனில சொன்னாச் சிரிப்பியள், அதுதான் எழுதுறன். கருவாடு அனுப்பாட்டிலும் பரவாயில்லை அப்பா, ஒரு போனை அம்மாவிட்டை விட்டிட்டுப் போங்கோ. அவா கதைக்கத் தேவையில்லை. எடுத்து "ஓம்" எண்டாக் காணும்.

வேலையில கூப்பிடுகினம், ஓடுறன்.

மகள் ஆன்சலா