பெயரில்லாத கிட்டாரின் பிறந்த மாதம்

மார்ச் 3, திங்கள்

கிட்டாரைப் பழுது பார்க்கக் கடைக்குக் கொண்டுபோனோம். சுவிட்சைத் தட்டினால் கரகர என்கிறது. கல்லூரிக் கச்சேரிக்கு இதைத்தான் எடுத்துப்போவேன் என்று பேத்தி ஒற்றைக் காலில் நிற்கிறாள்.

கடைக்காரன் அதைக் கத்தரிக்காயைத் திருப்பிப் பார்ப்பதுபோலப் பார்த்தான். “தலையில பேர் இல்ல, முதுகுல நம்பர் இல்ல. எவனோ பலகைய வாங்கி இங்கயே அறுத்து ஒட்டியிருக்கான். ஜப்பான்னு யாரு சொன்னா?”

“எங்க அண்ணன் சொன்னாரு. கப்பல்ல வேலை. அவரே கொண்டுவந்து குடுத்தாரு.”

“அண்ணன் இப்ப எங்க?”

“செத்துப்போய் இருபது வருஷம் ஆச்சு.”

“அப்ப கேக்க முடியாது” என்று சிரித்தான்.

கரகரப்பைச் சரிசெய்துவிட்டான், அதைக் குறை சொல்லமாட்டேன். அந்தச் சிரிப்பைத்தான் மறக்கமாட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

அண்ணியைப் பார்க்கப் போனோம். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. நடுவில் ஐம்பத்தெட்டு வருஷச் சண்டை இருப்பதால் தூரம் அதிகம்.

பேத்தி கடைக்காரன் சொன்னதைச் சொல்லிவிட்டாள். இவள் வாய்க்கு ஒரு பூட்டுப் போட ஆளில்லை. அண்ணிக்கு முகமே மலர்ந்துவிட்டது.

“நான் அன்னைக்கே சொல்லல? அடகுக் கடையில எடுத்துட்டு வந்து ஜப்பான்னு அளந்தாரு உன் அண்ணன். நீயும் வாயப் பொளந்துட்டுக் கேட்ட.”

இது பழைய பாட்டு. எத்தனையோ தடவை கேட்டாயிற்று. அதோடு நிறுத்தியிருந்தால் நானும் காபியைக் குடித்துவிட்டு வந்திருப்பேன். ஆனால் பேத்தியின் பக்கம் திரும்பி, இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

“அந்த வருஷம் உங்க பெரிய தாத்தா கப்பலுக்கே போகல, தெரியுமா?”

குழந்தையிடம் சொல்கிற பேச்சா இது? எழுந்து வந்துவிட்டேன். செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு.

என் அண்ணன் சூதாடுவான், கோபக்காரன், குளிக்கச் சோம்பல்படுவான். எல்லாம் உண்மை. என்னிடம் பொய் சொன்னதில்லை. அறுபத்தேழில், மார்ச்சில் கப்பலேறி டிசம்பரில் வந்தான். போர்வையில் சுற்றி இதைக் கையில் கொடுத்து, “ஜப்பான்லேர்ந்து கொண்டுவந்தேன், பட்டன் கம்பெனி மகாராணிக்கு” என்றான், நான் வேலை செய்த இடத்தை வைத்து. அந்த வார்த்தை அப்படியே இருக்கிறது, என் காதுக்குள்.

மார்ச் 10

“நிரூபிக்கணும்” என்றேன் பேத்தியிடம். “யாருகிட்ட பாட்டி?” என்றாள். கேள்வியைப் பார்!

மார்ச் 14, வெள்ளி

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். பட்டன் கம்பெனியில் துளை போடும் மெஷினில் நின்றபோது, அங்கே பெண்கள் வாத்தியக் குழு ஒன்று இருந்தது. இரவல் கிட்டாரில் கற்றுக்கொண்டேன். சொந்தமாக இது வந்த பிறகு, ஆண்டு விழாவில் முதலாளி குடும்பமே எழுந்து நின்று கை தட்டியது. இதெல்லாம் ஏன் எழுதுகிறேன்? யாராவது சொல்ல வேண்டாமா, நானே சொல்லிக்கொள்கிறேன்.

இன்று பேத்தி மேசைமேல் பெட்ஷீட்டை விரித்து, கழுத்துக்கும் உடம்புக்கும் நடுவில் உள்ள நாலு திருகாணியைக் கழற்றினாள். நான் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்பதுபோல நின்றேன். கழுத்து தனியாக வந்தது. அது உட்கார்ந்திருந்த குழியில் பச்சை மரம், நேற்று அறுத்ததுபோல. அங்கே சிவப்பு மையில் ஒரு முத்திரை: 42.5.

இத்தனை வருஷம் என் மடியில் இருந்தது. எனக்கே காட்டாமல் வைத்திருந்திருக்கிறது.

படமெடுத்துக் கடைக்காரனுக்கு அனுப்பினாள். “ஸ்டாக் நம்பரா இருக்கும்” என்று பதில். எல்லாம் தெரிந்தவன்.

பழைய ஜப்பான் கிட்டார்களுக்கென்றே போனில் ஒரு கூட்டம் இருக்கிறதாம். எல்லாப் படத்தையும் அங்கே போட்டிருக்கிறாள். நடுவில் தேன் நிறம், ஓரத்தில் கறுப்பு. கம்பிக்கு அடியில் நாலு மைக்கு (பிக்கப் என்று சொல்லணுமாம், சரி), ஒவ்வொன்றுக்கும் வீட்டு லைட் சுவிட்ச் மாதிரி தட்டுகிற சுவிட்ச். ஆட்டினால் சத்தம் நடுங்குகிற இரும்புக் கை.

மார்ச் 17

முதல் ஆள் வேறு ஏதோ மாடல் என்றான். அதில் மூன்று பிக்கப். எண்ணத் தெரியாதவனெல்லாம் நிபுணன்.

மார்ச் 20, வியாழன்

ஒருவர் வந்தார். ஜப்பானிலேயே இருப்பவர், இந்த மாதிரி கிட்டார் நிறைய வைத்திருக்கிறாராம். படத்தில் பெரிய மீசை, அதனால் எங்களுக்கு மீசைக்காரர். வீடியோவில் பேசினார், பேத்தி எனக்குச் சொல்லச் சொல்லக் கேட்டேன்.

42.5 ஸ்டாக் நம்பர் இல்லை! அங்கே ராஜா பட்டத்துக்கு வந்த வருஷத்திலிருந்து எண்ணுவார்களாம். நாற்பத்திரண்டு என்றால் நமக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தேழு. ஐந்து, மே மாதம். மலையடிவாரத்தில் முன்பு நாற்காலி, அலமாரி செய்துகொண்டிருந்த ஒரு தொழிற்சாலை. மாடல் டி-நானூறு. நாலு பிக்கப்புக்காக நானூறு. இரண்டே வருஷம் செய்து நிறுத்திவிட்டார்கள்.

ஜப்பான்! ஜப்பான்! சமையலறையில் நின்று தனியாகச் சிரித்தேன்.

ஆனால் அவர் இன்னொன்றும் சொன்னார். டி-நானூறை அந்த நாட்டுக் கடைகளில் விற்கவே இல்லையாம். எல்லாம் வெளிநாட்டு ஆர்டர். கப்பலில் போய், அங்கங்கே வாங்கிய வியாபாரி தன் கம்பெனிப் பெயர்த் தகட்டைத் தலையில் ஆணி அடித்து விற்பானாம்.

சாயங்காலமே அண்ணி போன். யார் சொன்னார்கள் என்று கேட்கவே வேண்டாம். அந்த வாயாடி அங்கேதான் இருந்தாள்.

“அந்த ஊர்க் கடையிலயே இல்லாத சாமான் அந்த ஊர்லேர்ந்து எப்படிம்மா வரும்? எந்த நாட்டுலயோ எவனோ வித்தது, கைமாறிக் கைமாறி இங்க வந்திருக்கு. இவரு எடுத்துட்டு வந்தாரு. அவ்வளவுதான்.”

போனை வைத்துவிட்டேன்.

மார்ச் 21

அண்ணன் “கடையில வாங்கினேன்” என்று சொன்னானா? இல்லை. “கொண்டுவந்தேன்” என்றான். கடை என்பது அண்ணி சேர்த்த வார்த்தை. சத்தியம் செய்வேன்.

என் ஞாபகம் சாட்சிக்கு ஆகாதாம். பேத்தி சொல்கிறாள்.

மார்ச் 22, சனி

மீசைக்காரர் ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார். தலையில் சிவப்பாக ஒரு பூ தெரிகிறதே, அதற்கு அடியில் இரண்டு ஆணித் துளை இருக்கிறதா?

அந்தப் பூவை நான்தான் போட்டேன், பத்தொன்பது வயசில், நெயில் பாலிஷால். பெயர் இல்லாமல் மொட்டையாக இருந்தது, அதனால். அப்பிப் பூசியிருக்கிறேன், ஐந்து இதழ், கட்டியாக. அடியில் துளை இருந்ததா? இல்லை என்கிறேன். ஆனால் இந்த வயசில் ஒன்றை ஆசைப்பட்டு நினைத்தால் அது நடந்ததுபோலவே இருக்கிறது. அந்தப் பயம் எனக்கு உண்டு. யாரிடமும் சொல்லமாட்டேன்.

துளை இருந்தால் அது ஒரு வியாபாரி கைக்குப் போனது. அண்ணி ஜெயித்தாள். என் அண்ணன் பொய்யன்.

“பூவை எடுத்துட்டா திரும்ப வராது பாட்டி. வேணாம்னா விட்டுடலாம்” என்றாள் பேத்தி.

மார்ச் 23, ஞாயிறு

நானே செய்தேன். பாலிஷ் ரிமூவர், பஞ்சு. வார்னிஷைத் தொடாமல், இதழ் இதழாக. மூன்று பஞ்சு சிவப்பாயிற்று, என் விரல் வெட்டுப்பட்டதுபோல இருந்தது. பேத்தி டார்ச் அடித்தாள்.

வழவழ என்று இருக்கிறது. துளை இல்லை. அடைத்த தடமும் இல்லை. விரலால் தடவினேன், கன்னத்தை வைத்துக்கூடப் பார்த்தேன்.

மார்ச் 24

மீசைக்காரர் பதில்: எந்த வியாபாரியும் ஆணி அடிக்கவில்லை. மே மாதம் செய்து, டிசம்பரில் உங்கள் கையில். அனேகமாகப் பெட்டியில் அடைக்குமுன் தொழிற்சாலையிலோ, துறைமுகக் கிடங்கிலோ நேராக வாங்கியிருக்க வேண்டும். பெயர் இல்லாத டி-நானூறு ஒன்றை இதுவரை அவர் பார்த்ததே இல்லையாம்.

எந்தப் பெயர் இல்லை என்று ஐம்பத்தெட்டு வருஷம் கேலி செய்தார்களோ, அது இல்லாததுதான் சாட்சி. கடைக்காரனுக்கு இதை ஃபார்வர்ட் பண்ணச் சொன்னேன். பண்ணினாள். நீல டிக் வந்தது, பதில் வரவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

கிட்டாரோடு போனேன் அண்ணி வீட்டுக்கு. மூக்கை உடைத்துவிட்டு வரவேண்டும் என்றுதான் போனேன். வழியெல்லாம் வசனம் தயார் பண்ணினேன்.

பேத்தி எல்லாவற்றையும் விளக்கினாள். மே, முத்திரை, துளை, துறைமுகம். அண்ணி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த வெறும் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப அந்த வருஷம் அவரு அங்கதான் இருந்தாரா?”

“அங்கதான் அண்ணி.”

“ஒரு கடுதாசி கிடையாது, ஒம்பது மாசம். கைக்குழந்தையோட இருக்கேன். பக்கத்து வீட்டுக்காரி வந்து, அவரை வேற ஊர்ல வேற ஒருத்தியோட பாத்தேன்னா. திரும்பி வந்தவரு எனக்கு ஒரு புடவை, உனக்கு இது. நான் எதக் கேக்க முடியும் அவருகிட்ட?”

கேட்கவே இல்லை. அவன் சாகிறவரைக்கும். கிட்டாரைத் திட்டியே காலத்தை ஓட்டியிருக்கிறாள்.

நான் தயார் பண்ணிய வசனம் ஒன்றும் வாயில் வரவில்லை. கோபம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். என் கல்யாணத்தில் அவள் பேசியது தனிக் கணக்கு. ஆனால் இரண்டு பேரும் காபி குடித்தோம். டம்ளர் ஆறும்வரை எழுந்துகொள்ளவில்லை.

ஏப்ரல் 26, சனி

கல்லூரிக் கச்சேரியில் பேத்தி வாசித்தாள். நாலு சுவிட்சையும் போட்டு வாசித்தாள். தலையில் பூ போடட்டுமா என்று கேட்டிருந்தாள், வேண்டாம் என்றேன். அப்படியே இருக்கட்டும், வெறுமையாக. என் அண்ணன் கொண்டுவந்த மாதிரி.

மே 13, செவ்வாய்

அண்ணியை ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வரிசையில் பக்கத்தில் ஒரு அம்மாள். என்ன ஏது என்று பேச்சு ஆரம்பித்தது, அண்ணி பிடித்துக்கொண்டாள்.

“எங்க வீட்டுக்காரரு கப்பல்ல இருந்தவரு. ஜப்பான்லேர்ந்து கிட்டார் கொண்டுவந்தாரு, இதோ, இவளுக்கு. அறுபத்தேழு மே மாசம் செஞ்சது. கடையில வாங்கினதில்ல, துறைமுகத்துலயே நேரா. அந்த ஊர்க்காரங்ககிட்டயே அந்த மாதிரி ஒண்ணு கிடையாது. எத்தனையோ பேரு நம்பல. நான் மட்டும் அன்னைக்கிலேர்ந்து சொல்லிட்டே இருக்கேன்.”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். கண் கொட்டாமல்.

“ஆமா அண்ணி” என்றேன்.

“மூணு மைக்கு இருக்கு அதுல” என்றாள் அந்த அம்மாளிடம்.

“நாலு அண்ணி” என்றேன். அதை மட்டும் விட முடியவில்லை.