கடைசிக் குழாயின் பலகை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்கு இருமல் குறைந்துவிட்டது, பேச்சுதான் குறையவில்லை. நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? தலைநகரத்துப் பெரிய ஆபீசில் உட்கார்ந்தால் பசியே தெரியாது என்று அப்பா சொல்கிறார். அவர் எந்த ஆபீசைக் கண்டார்!

உன் கடிதம் கிடைத்தது. குடிநீர் விநியோகத்தில் எங்கள் வார்டுதான் முதல் மார்க், பரிசு கொடுக்க நானே வருகிறேன் என்று எழுதியிருந்தாய். நாலு தடவை படித்தேன். பதில் எழுத ஆறு நாள் ஆகிவிட்டது.

நீ எழுதிய விதியை நகராட்சி ஆபீஸ் சுவரில் ஒட்டிய அன்று அதன் முன்னால் அரை மணி நேரம் நின்றேன். ‘தெருவின் கடைசிக் குழாயில் இரண்டு நிமிடத்தில் ஒரு வாளி நிரம்ப வேண்டும்.’ என் வயிற்றில் பிறந்தவள் எழுதிய வரி! பத்தொன்பது வருஷமாக வால்வைத் திறந்து மூடுகிற எனக்கு இப்படி ஒன்று தோன்றவே இல்லை. தண்ணீர் விட்டாயா என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். எதுவரை போனது என்று ஒருவரும் கேட்டதில்லை.

விதிப்படி ‘கடைசிக் குழாய்’ என்று நீலப் பலகை எழுதி, தெருக்கோடியில் தையல்காரி வீட்டு முன் அடித்தார்கள். மறுநாள் காலை வீடு வீடாகப் போய், குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். திரும்பி வந்து வால்வை முழுசாகத் திறந்துவிட்டுத் தெருக்கோடிக்கு ஓடினேன். குழாய் முதலில் உங்கள் அப்பாவைப் போல இருமியது. அப்புறம் வெறும் காற்று. அப்புறம் தண்ணீர், கட்டைவிரல் தடிமனுக்கு! வாளி நிரம்பி வழிந்தும் தையல்காரிக்குக் குழாயை மூடத் தோன்றவில்லை. “அக்கா, இது நம்ம கொழாதானா?” என்று கேட்டாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஒரு காகிதம் தண்ணீரை இவ்வளவு தூரம் தள்ளுமா என்று அன்று முழுக்க அதே நினைப்பு.

அடுத்து நடந்ததும் அதிசயம்தான், ஆனால் வேறு மாதிரி.

திங்கட்கிழமைதோறும் வாளியும் கடிகாரமுமாக அளந்து பார்க்க வரும் மேற்பார்வையாளருக்கு முழங்கால் வலி. ஒரே காலையில் நாற்பது தெரு சுற்ற வேண்டும். பலகை ஸ்கூட்டர் போகிற இடத்தில் இருந்தால் தேவலை என்றார். பாவம், அவர் சொன்னதும் நியாயம்தானே. மோட்டார் போட முடியாமல் போன தெருவின் மேல்பக்கத்து வீட்டுக்காரர்கள் கவுன்சிலரிடம் முறையிட்டார்கள். அவருக்கு ஓட்டு முழுக்க அங்கேதான். பலகை தெரு நடுவில் இருக்கும் திருப்பத்துக்கு ஏறி வந்தது. அதற்குக் கீழே உள்ள வீடுகள் ‘கிளைத் தெரு, திட்டத்தில் இன்னும் சேரவில்லை’ என்று காகிதத்தில் தனியாகப் பிரிந்தன.

பலகை இருக்கும் இடத்தில் தண்ணீர் தப்பாது என்று ஊருக்குப் புரிய எத்தனை நாள் ஆகும்? கவுன்சிலரின் சம்பந்தி மருந்துக்கடை வைத்திருக்கிறார். “நம்ம கடையத்தான் கடைசின்னு எழுதிக்குங்களேன்” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். இப்போது பலகை அங்கே தொங்குகிறது, தண்ணீர்த் தொட்டியிலிருந்து நாலாவது கட்டடம். கடைசியாக இருப்பதற்கு இத்தனை போட்டியை நான் பார்த்ததே இல்லை. அந்தக் கடைக்கு அப்பால் மோட்டார்கள் மறுபடி உறுமுகின்றன.

யாரும் கூடி உட்கார்ந்து சதி பேசவில்லை. உன் விதியில் ஓர் எழுத்தைக்கூட மீறவில்லை. ஆளுக்குக் கொஞ்சம் நகர்த்தினார்கள், அவ்வளவுதான். நான் வாயைப் பிளந்து வேடிக்கை பார்த்தேன் என்று எழுதினால் அது பாதிப் பொய். கடைசிக் குழாயில் வாளி நிரம்பியது என்று எழுதும் பதிவேட்டில் வாராவாரம் நாலு கையெழுத்து உண்டு. நாலாவது என்னுடையது.

வார்டு முழு மார்க் வாங்கினால் என் வேலை நிரந்தரமாகும் என்று சொன்னார்கள். அப்பாவின் வைத்தியத்துக்கு வழி பிறக்கும் என்று நினைத்தேன். அம்மா வேலை பார்க்கிற வார்டு முதலாவதாக வந்தால் உனக்கும் பெருமை என்று நினைத்தேன். போட்டுவிட்டேன்.

தையல்காரி வீட்டில் எட்டு வாரமாகச் சொட்டுத் தண்ணீர் இல்லை. அவளுக்கு இது ஏழாவது மாசம். அடுத்த தெருவிலிருந்து இடுப்பில் சுமந்து வருகிறாள். வழியில் என்னைப் பார்த்தால் இன்னமும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

நீ வரும்போது மருந்துக்கடை முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைக்கப் பார்ப்பார்கள். உட்காராதே. அங்கிருந்து இன்னும் இருபத்தாறு வீடு கீழே நட. கையில் ஒரு காலி வாளி எடுத்துக்கொள். தையல்காரி வீட்டுக் குழாயடியில் நான் பதிவேட்டோடு நிற்பேன். நாலாவது கையெழுத்து யாருடையது என்று எல்லோர் முன்னாலும் கேள். அம்மாவாயிற்றே என்று பார்க்காதே.

தலைநகரத்துக்குத் திரும்பியதும் அந்த விதியைத் திருத்தி எழுது கண்ணே. பெற்ற தாயையும் நம்பாத விதியாக எழுது. எழுதுகிற கை நன்றாயிருக்கட்டும்.

தெருக்கோடியில் உனக்காகக் காத்திருக்கும்
உன் அம்மா