சாய்ந்து கிடந்த தொட்டி

மார்ச் 4

பதினான்காம் தொட்டியில் இருப்பது களை. உறுதிசெய்தவர் நாற்றுப்பண்ணைக்காரர், இன்று காலை பத்தே காலுக்கு, நேரில் வந்து, ஓர் இலையைக் கிள்ளி மோந்து பார்த்தபின்.

எட்டு மாதமாக இரண்டு வேளை தண்ணீர் ஊற்றி வளர்த்தேன், என் மனைவி கடைசியாக நட்டது என்று. எரு வைத்தேன். குச்சி நட்டுக் கட்டினேன். பேசியும் இருக்கிறேன் — அதை விரிவாக எழுத வேண்டாம்.

"தெருவோரத்துல முளைக்கிறது சார் இது. ஆனா தெருவுலகூட இவ்வளவு செழிப்பா நான் பார்த்ததில்ல" என்றார்.

பாராட்டா, நக்கலா? எட்டாம் வகுப்பில் இலை வகைகள் சொல்லத் தெரியாமல், என் உத்தரவின் பேரில், ஒரு பீரியட் முழுக்க பெஞ்ச் மேல் நின்றவர். நக்கல்தான்.

நான் முப்பத்து நாலு வருடம் தாவரவியல் வாத்தியார். அவள் தபால் நிலையத்தில் முத்திரை குத்தியவள். முப்பத்தொரு தொட்டியும் அவள் வைத்தது.

மார்ச் 5

இன்னும் பிடுங்கவில்லை.

மார்ச் 7

மகள் போன் செய்தாள். அடுத்த மாதம் நான் அவள் வீட்டுக்கே குடிபோவதாகப் பேச்சு. "பால்கனில ஆறு தொட்டிக்குத்தான் இடம்ப்பா. எது எதுன்னு முடிவு பண்ணீங்களா?"

பண்ணியிருந்தேன். எல்லாத் தொட்டிக்கும் மதிப்பெண் போட்டேன்: இலை நாற்பது, பூ நாற்பது, ஒழுக்கம் இருபது. பதினாலு முதல் ரேங்க்.

"களைன்னு சொன்னீங்களே, அதுவா?"

"அதுதான்."

சிரித்தாள். போனை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டுச் சிரித்தாள். திரும்ப வாங்கி, "பிட் அடிச்சுப் பாஸாயிருக்குப்பா" என்றாள். பிறகு சிரிப்பு நின்றது.

"அப்ப அம்மா நட்டது எங்கப்பா?"

மார்ச் 8

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். ஜூலை 2, காலை. குழாயடியில் மயங்கி விழுந்தாள். நான்காம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து நான் மட்டும் திரும்பினேன். பதினான்காம் தொட்டி சுவரோரம் சாய்ந்து கிடந்தது. அதில் எதையோ நட்டுவிட்டு, விழும்போது பிடித்து இழுத்திருப்பாள் என்று நினைத்தேன்.

நிமிர்த்தி வைத்தேன். கோணலாக எதுவும் இருக்கக்கூடாது எனக்கு. பெஞ்ச் வரிசை கோணினால் பாடமே தொடங்க மாட்டேன். தண்ணீர் ஊற்றினேன். பதினோராம் நாள் முளை வந்தது. அன்று கொஞ்சம் அழுதேன் — களையைப் பார்த்து!

மார்ச் 9

நாற்றுப்பண்ணைக்காரர் மறுபடி வந்தார். களையை வேரோடு எடுத்தார். தொட்டி விழுந்து கிடந்ததைச் சொன்னேன்.

"விழல சார். அக்கா படுக்க வெச்சிருக்காங்க. லில்லிக் கிழங்கு. பூத்து ஓஞ்சதும் தண்ணி படாம தூங்கணும். வருஷா வருஷம் பண்ணுவாங்களே, நீங்க பார்த்ததில்லையா?"

பார்த்ததில்லை. கிழங்கின் உறக்கநிலை, ஒன்பதாம் வகுப்பு, ஆறாம் பாடம். கலர் சாக்பீஸில் படம் வரைவேன். வாசலில் அவள் செய்ததைப் பார்க்கவில்லை.

மண்ணுக்குள் ஏழு கிழங்கு இருந்தன. ஆறு அழுகல். ஒன்று மட்டும் கெட்டி. அதைத் திரும்பப் புதைத்து, தொட்டியைப் பழையபடி சாய்த்து வைத்தார்.

"பெஞ்ச் மேல ஏறி நிக்கவாப்பா?" என்றேன்.

"வேணாம் சார், முட்டி தாங்காது. கையைக் கட்டிக்கிட்டு கீழயே நில்லுங்க. நாப்பது நாள் தண்ணி ஊத்தாம இருந்தாப் போதும்."

அப்படியென்றால் அவள் எதையும் பிடித்து இழுத்து விழவில்லை. வேலையை முடித்துவிட்டுத்தான் விழுந்திருக்கிறாள்.

மார்ச் 15

ஆறு நாள். ஊற்றவில்லை. கை அரிக்கிறது.

மார்ச் 22

"ஒரு கிழங்குக்காக வீடு மாறுறதத் தள்ளிப் போடுறீங்களா?" என்றாள் மகள்.

"ரிசல்ட் வரலைம்மா."

"யாரோட ரிசல்ட்?"

"என்னோடது."

"சரிப்பா. வண்டிக்காரர்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

ஏப்ரல் 18

நாற்பது நாள் ஆயிற்று. நாற்றுப்பண்ணைக்காரர் கிழங்கைத் தடவிப் பார்த்து, "இப்ப நிமிர்த்துங்க சார்" என்றார். நிமிர்த்தினேன். ஒரே ஒரு டம்ளர் தண்ணீர், அவர் முன்னிலையில்.

போகும்போது வாசலில் நின்று, "இது யாரு சார் நட்டது?" என்றார். பழைய களை. மண்ணோடு எடுத்துப் போய்த் தெருவோரம் வைத்திருந்தேன். முதல் ரேங்க் வாங்கியதைத் தூக்கி எறிய மனம் வரவில்லை.

"களையை நட்டு வெச்ச ஒரே ஆளு நீங்கதான் சார்."

நிலவரம்: பால்கனிக்கு ஐந்து தொட்டி முடிவாகிவிட்டது. ஆறாவது இடம் காலி. முளை வருவதானால் மே 8-க்குள் மூக்கு தெரியும் என்கிறார். வண்டிக்கு மே 10 என்று சொல்லியிருக்கிறது. பன்னிரண்டாம் தொட்டி இன்று லேசாகச் சாய்ந்திருக்கிறது, காரணம் தெரியவில்லை. அவர் அடுத்த முறை வரும்போது கேட்க வேண்டும். அதுவரை நிமிர்த்துவதாக இல்லை.